மரக்கிளை சீவும் சிப்பர்: வளவுக்காரரும் வேலைக்காரரும் கேட்கும் கேள்விகள்

இழுத்துச் செல்லக்கூடிய சிப்பர் ஒன்றுடன் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்து ஊர்களில் வளவு வளவாகச் சென்று வேலை செய்து வருகிறேன். மாரிக்கு முன்னர் வேலி அடைப்பவர்களும், புயலுக்குப் பின்னர் முறிந்த மரங்களை அகற்றுபவர்களும், புதிதாக இயந்திரம் வாங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். இயந்திரத்துக்கு இயந்திரம் அளவுகள் மாறும் என்பதால், உங்கள் இயந்திரத்தின் கைநூல் ஓர் அளவைச் சொன்னால் அதையே கைக்கொள்ளுங்கள்.

சிப்பர் எண்டால் அரைக்கிற மெஷினோ, வெட்டுற மெஷினோ?

சீவுகிற இயந்திரம். கனத்த இரும்புத் தட்டு ஒன்றில் அல்லது உருளை ஒன்றில் சில கத்திகள் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அது மிகுந்த வேகத்தில் சுழலும்போது, அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும் எதிர்க்கத்தியின் மேல் கிளை அழுந்தி, பாக்குவெட்டியில் பாக்கு சீவப்படுவது போலச் சீவப்படுகிறது. வெளியே வரும் துண்டுகளை நாங்கள் சீவல் என்றே சொல்கிறோம்.

கீழே வரும் பதில்களுக்காகச் சில பெயர்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளையை வைக்கும் பெரிய புனல் போன்ற பகுதி வாய். அதன் உள்ளே கிளையைக் கவ்வி இழுப்பவை இழுவை உருளைகள். வாயின் விளிம்பில் இருக்கும், தள்ளினால் உருளைகளை நிறுத்தும் சட்டம் நிறுத்துதண்டு. சீவலை வெளியே எறிவது எறிகுழாய். கத்தித்தட்டை மூடியிருக்கும் கனத்த உறை மூடி. சிறிய இயந்திரங்கள் சிலவற்றில் இழுவை உருளைகள் இருப்பதில்லை. அவற்றில் கத்தியே கிளையை இழுத்துக்கொள்ளும்.

கோடாலி, வாள் எல்லாம் பாவிச்ச எங்களுக்கு இதில என்ன புதுப் பயம்?

கோடாலியும் வாளும் நீங்கள் கொண்டுசெல்லும் இடத்துக்குத்தான் வரும். சிப்பர் உங்களைத் தன்னிடம் இழுக்கும். இழுவை உருளைகள் நிமிடத்துக்கு 30 மீற்றர் என்ற அளவில், அதாவது செக்கனுக்கு அரை மீற்றர், கிளையை உள்ளே எடுக்கின்றன. அரை மீற்றர் என்பது ஒரு முழத்துக்கும் சற்று அதிகம். விரல் அகப்பட்டதை உணர்ந்து, திடுக்கிட்டு, கையை இழுக்க நினைப்பதற்குள் முழங்கை உருளைக்குள் போயிருக்கும். அமெரிக்காவில் 1992 முதல் 2002 வரை இவ்வகை இயந்திரங்களால் 31 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் உள்ளே இழுக்கப்பட்டவர்கள். ஏனையோரில் பலர் பறந்து வந்த மூடி போன்ற பாகங்களால் தாக்கப்பட்டவர்கள்.

என் கண்ணெதிரே நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். மரக்கொப்பு இறக்கக் கட்டிய நைலோன் கயிறு, கொப்பிலேயே சுற்றியபடி இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. கொப்பு உள்ளே போனது; அதன் பின்னால் கயிறும் பாம்பு போல மணலில் ஓடத் தொடங்கியது. கயிற்றின் மறுமுனை என் காலடியில் வளையமாகக் கிடந்தது. உதவிக்கு நின்றவர் நிறுத்துதண்டை நெஞ்சால் தள்ளியதால் உருளைகள் நின்றன. குனிந்து பார்த்தபோது வளையம் என் சப்பாத்துக்கு நான்கு விரல் தூரத்தில் கிடந்தது. அன்று முதல், கயிறுகள் எல்லாம் சுருட்டி வேறொரு இடத்தில் வைக்கப்பட்ட பின்னரே இயந்திரத்தை இயக்குகிறேன்.

சாரத்தைச் சண்டிக்கட்டாக் கட்டினால் காணாதோ?

காணாது. சண்டிக்கட்டு அவிழ்வதற்கு ஒரு கிளை நுனி போதும். உடலோடு ஒட்டிய நீளக் காற்சட்டையும், உள்ளே விடப்பட்ட, கைப்பொத்தான் பூட்டப்பட்ட சட்டையும் வேண்டும். கழுத்துச் சங்கிலி, கோயில் நூல், மோதிரம், மணிக்கூடு ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். கோயில் நூலைக் கழற்ற மனமில்லாதவர்கள் சட்டைக் கைக்குள் இறுக்கி ஒட்டி மறைத்துக்கொள்ளலாம். நீளத் தலைமுடியைக் கட்டித் தொப்பிக்குள் செருக வேண்டும்.

கையுறை மணிக்கட்டோடு இறுக்கமாக முடிய வேண்டும். முழங்கை வரை அகன்று நிற்கும் கையுறை கிளைக்கொக்கியில் மாட்டிக்கொள்ளும். செருப்பு வேண்டாம், நுனி இரும்புள்ள சப்பாத்து இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வழுக்காத கனத்த சப்பாத்தாவது அணியுங்கள்.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போட்டால் எல்லாம் சரியோ?

தலைக்கு அது ஓரளவு உதவும். ஆனால் வேர்வையில் அதன் கண்ணாடி புகைமூடிவிடும். பக்கப் பார்வை குறையும். காதுக்குத் தேவையான பாதுகாப்பையும் அது தராது. சிப்பரின் சத்தம் 100 டெசிபெல்லை எளிதில் தாண்டும். அந்த அளவில் காதுக்கு 15 நிமிடமே பாதுகாப்பான நேரம் என்று கணிக்கிறார்கள். எனவே காதடைப்பான் கட்டாயம். பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும், கட்டுமான வேலையில் அணியும் தொப்பியும் பொருத்தமானவை. காதை அடைத்தவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட முடியாது என்பதால், "நிறுத்து" என்பதற்கு ஒரு கைச்சைகையை முதலிலேயே பேசி வையுங்கள்.

எங்கட ஒழுங்கை சரியான ஒடுக்கம். மெஷினை எங்க நிப்பாட்டுறது?

கூடுமானவரை வளவுக்குள், சமதரையில். ஒழுங்கையிலேயே நிறுத்த வேண்டியிருந்தால் இரு முனைகளிலும் ஆள் நிற்க வேண்டும், ஏனெனில் சைக்கிளில் வரும் பிள்ளைகள் திரும்பும் மூலையில் இயந்திரத்தை எதிர்பார்ப்பதில்லை. சில்லுகளுக்கு முன்னும் பின்னும் அடைகட்டை வைத்து, இயந்திரத்தின் முன்காலைத் தரையில் ஊன்றி, மணல் இளகிய இடமாயின் கீழே பலகை போடுங்கள்.

எறிகுழாயைக் காற்று போகும் திசைக்குத் திருப்புங்கள். சோளகம் வீசும் மாதங்களில் தென்மேற்கிலிருந்தும், மாரியில் வடகிழக்கிலிருந்தும் காற்று வரும்; எதிர்த்துத் திருப்பினால் தூசி முழுவதும் உங்கள் முகத்துக்கே வந்து சேரும். குழாய் பார்க்கும் பக்கத்தில் வீடு, கிணறு, றோட்டு, ஆட்கள் எதுவும் இருக்கக் கூடாது. சிறு கல் ஒன்று உள்ளே போனால் அது சீவலை விடத் தொலைவுக்குப் பறக்கும். கிணற்றுக்குக் கட்டு இருந்தாலும் கிணற்றின் வாயைப் படங்கால் மூடுங்கள்.

காலமையில ஸ்டார்ட் பண்ண முதல் என்ன பார்க்கோணும்?

நான் இயந்திரத்தை ஒரு முறை சுற்றி நடக்கிறேன். சாவி என் பையில் இருக்கும். மூடியின் போல்ட் இறுகியிருக்கிறதா, கத்தி போல்ட்களில் ஏதாவது இளகியிருக்கிறதா, பெல்ட்டில் வெடிப்பு உண்டா, எண்ணெய்க் கசிவு உண்டா, வாய்க்குள் முதல்நாள் மிச்சம் அல்லது சாவித்திருகி போன்ற ஏதாவது கிடக்கிறதா என்று பார்ப்பேன். இரவில் பூனை குட்டி போட்டிருந்ததையும் ஒரு முறை கண்டேன். அதனால் எறிகுழாய்க்குள்ளும் ரோர்ச் அடித்துப் பார்க்கிறேன்.

இயக்கிய பின், கிளை போடுவதற்கு முன், நிறுத்துதண்டை ஒவ்வொரு காலையும் சோதிக்க வேண்டும். தள்ளியவுடன் உருளைகள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. உரிமையாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதில் நான் இளகுவதில்லை.

கிளையை எந்தப் பக்கத்தால குடுக்கிறது?

வெட்டிய அடிப்பக்கத்தை முதலில் கொடுங்கள். வாயின் நேர் எதிரே நில்லாமல் ஒரு பக்கமாக, நிறுத்துதண்டு கைக்கு எட்டும் பக்கத்தில் நின்று, உருளை கவ்வியவுடன் கிளையை விட்டுவிட்டு வெளிப்புறமாகத் திரும்பி நடந்துவிடுங்கள். உருளை பிடித்த கிளை சில வேளைகளில் பக்கவாட்டில் சாட்டை போல அடிக்கும். வளைந்த பூவரசங் கொப்பும் முருங்கைக் கொப்பும் இதற்குப் பேர்போனவை. கவைகளை முதலில் வாளால் தறித்துவிட்டால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

கை வாயின் விளிம்பைத் தாண்டக் கூடாது. காலால் உதைப்பது, வாயில் ஏறுவது, உள்ளே சாய்ந்து தள்ளுவது ஆகியவற்றை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். போகாத கிளையை இன்னொரு நீளக் கிளையால் தள்ளுங்கள். இரும்புக் கம்பி, மண்வெட்டி, கொக்கத்தடியின் கத்தி முனை எதையும் உள்ளே நீட்ட வேண்டாம்.

கூட்டி அள்ளின குப்பை, கட்டைத் துண்டுகளையும் போட்டு முடிச்சால் என்ன?

கூட்டிய குப்பையில் மண்ணும் சுண்ணக்கல்லும் இருக்கும். எங்கள் செம்மண்ணில் ஒரு வாரி அள்ளல் கத்தியின் ஒரு நாள் கூர்மையைத் தின்றுவிடும். அதை எருக்குழிக்கே கொண்டுபோங்கள். ஒரு முழத்துக்குக் குறைந்த துண்டுகள் உருளைக்கு அகப்படாமல் துள்ளித் திரும்பி வரும். அவற்றைக் கையால் தள்ளத் தூண்டுதல் வரும், ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. அவற்றை விறகுக்கு வைத்துக்கொள்ளலாம், அல்லது இலையோடு கூடிய நீளக் கிளையின் மேல் வைத்து அதோடு போக விடலாம்.

பனை மட்டை, தென்னோலை, பனங்குற்றி போடேலுமோ?

பச்சைத் தென்னோலையை மற்றக் கிளைகளோடு கலந்து, மட்டைப் பக்கம் முதலாகக் கொடுக்கலாம். காய்ந்த ஓலையும் பன்னாடையும் நாராகி உருளைத் தண்டுகளில் சுற்றிக்கொள்ளும். அந்த நார் பெயாரிங் உறைக்குள் புகுந்து சூடேறினால் தீயும் பிடிக்கும். வேறு வழியில்லாமல் போட நேர்ந்தால், மணிக்கு ஒரு முறை நிறுத்தி, கீழே சிக்கல் பற்றிய பதிலில் சொன்னபடி, நாரை அகற்றுங்கள்.

பனை மட்டையை நான் மறுத்துவிடுகிறேன். கருக்கின் பற்கள் கையுறையிலும் சட்டைக் கையிலும் கொளுவிக்கொள்கின்றன. உருளை இழுக்கும் நேரத்தில் அந்தக் கொளுவல் ஒன்றே போதும். மேலும் வேலிக்கும் அடுப்புக்கும் பயன்படும் மட்டையைச் சீவலாக்க வேண்டிய தேவை எங்கள் ஊரில் எனக்குத் தெரியவில்லை. பனங்குற்றியின் வெளி வயிரம் கத்தியை மிக விரைவில் மழுக்கும். அது கூரையின் வளைக்கும் சிலாகைக்கும் உரிய மரம். பனை தறிப்பதற்கு முன் அனுமதி பற்றிப் பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கதியால் வேலி பிடுங்கினது. அப்பிடியே போடலாம்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துப் பதில் சொல்வது வழக்கம். கிளுவைக் கதியாலும் பூவரசங் கதியாலும் வளர வளர, கட்டிய கம்பியையும் அடித்த ஆணியையும் தம் உடம்புக்குள் விழுங்கிவிடுகின்றன. வெளியே பார்த்தால் மரப்பட்டை மட்டுமே தெரியும். முள்ளுக்கம்பி உள்ளே போனால் கத்தி உடைவதோடு நில்லாது. கம்பி நுனி சுழன்று வாய் வழியாகவே வெளியே வீசும். கம்பி இருந்த உயரத்தில், பொதுவாக முழங்கால், இடுப்பு, நெஞ்சு மட்டங்களில், கதியாலைத் தறித்து அந்தத் துண்டுகளை ஒதுக்கிவிடுங்கள்.

போர் நடந்த பகுதிகளில் இதனிலும் கவனம் வேண்டும். செல் துண்டுகளும் சன்னங்களும் இன்றும் வேம்பிலும் மாவிலும் பனையிலும் இருக்கின்றன. மரம் அரிபவர்களுக்கு இது பழகிய விடயம். பட்டையில் ஆறிய தழும்பு, காரணமற்ற புடைப்பு, வெட்டுமுகத்தில் நீலக்கருமை படர்ந்த கறை ஆகியவை அடையாளங்கள். இரும்பு உள்ளே இருந்தால் மரத்தின் சாறோடு சேர்ந்து அந்தக் கருமை உண்டாகிறது. அப்படிக் கண்டால் அந்தக் குற்றியை விறகுக்கும் வெட்டாமல் புறம்பே வையுங்கள்.

வேலியடியில் மண் கிளறும்போது வெடிபொருள் போன்ற எதையாவது கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, மற்றவர்களையும் விலக்கி, 119 இல் பொலிசுக்கு அறிவியுங்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை எத்தனை ஆண்டுகளாக நடந்தது என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள்தாம்.

கள்ளி, அலரி, பார்த்தீனியம்?

திருகுக்கள்ளியின் பால் சீவும்போது தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. போடாதீர்கள். அலரி நஞ்சு, அதன் சீவலை ஆடு மாடு எட்டும் இடத்தில் கொட்டக் கூடாது. பார்த்தீனியத்தைச் சீவினால் விதையை ஊர் முழுக்கப் பரப்புவதாக முடியும். அதன் தூசி பலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சிழைப்பையும் தரும்.

சிக்கிப் போச்சு. எஞ்சினை நிப்பாட்டின உடன கையை விடலாமோ?

கூடாது. எஞ்சின் நின்ற பின்னும் கத்தித்தட்டு தன் கனத்தால் ஒரு நிமிடத்துக்கு மேலும் சத்தமில்லாமல் சுழன்றுகொண்டிருக்கும். அது சுழலும்போது மூடியைத் திறந்தால் கத்தி மூடியைத் தட்டி எறியும். முன்னர் சொன்ன மரணங்களில் இவ்வகையும் உண்டு.

முதலில் உருளைகளைப் பின்னோக்கிச் சுழற்றிப் பாருங்கள். பெரும்பாலான சிக்கல்கள் அதிலேயே தீரும். தீராவிட்டால் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து உங்கள் பையில் போட்டு, தட்டு முற்றாக நின்றதைக் கண்ணால் உறுதி செய்து, தட்டைச் சுழலாமல் தடுக்கும் பூட்டூசி இருந்தால் அதைச் செருகி, அதன் பின்னரே மூடியைத் திறவுங்கள். நின்ற தட்டும் கையால் தள்ளினால் இலகுவாகச் சுழலும், அந்த ஒரு சுழற்சியிலேயே விரல் போய்விடும். நாரைக் கத்தியால் அறுத்து, கட்டையைத் தடியால் நெம்பி எடுங்கள்.

நிறுத்துதண்டு தட்டுப்பட்டு அடிக்கடி நிக்குது. கயிறால கட்டி வைச்சால் வேலை ஓடுமே?

நைலோன் கயிறு கதையில் என்னைக் காப்பாற்றியது அந்தத் தண்டுதான். கட்டி வைத்த தண்டு கட்டி வைத்தவரையும் காப்பாற்றாது. அடிக்கடி நிற்கிறது என்றால் கிளைகள் அகலமாக இருக்கின்றன. அவற்றைத் தறித்துக் குறுக்குங்கள். அப்படியும் நின்றால் சுருளிக்கம்பியோ இணைப்போ பழுது. திருத்தித் தரும் வரை இயந்திரத்தை நிறுத்தி வையுங்கள். கட்டிய தண்டுடன் ஓடும் இயந்திரத்துக்கு அருகில் என்னுடைய ஆட்களை நான் விடுவதில்லை.

கத்தி மழுங்கினதை எப்பிடித் தெரிஞ்சு கொள்ளுறது? நாங்களே தீட்டலாமோ?

சீவலைக் கையில் அள்ளிப் பாருங்கள். கூரான கத்தி ஒரே அளவான, ஓரம் சுத்தமான சில்லுகளைத் தரும். மழுங்கியது பிய்ந்த நாரையும் தூளையும் தரும், இயந்திரம் நடுங்கும், எஞ்சின் திணறும், கிளை உள்ளே போகாமல் நின்று உதறும். உதறும் கிளையைத் தள்ள ஆள் வாய்க்குக் கிட்டே போவார் என்பதால் மழுங்கிய கத்தி ஒரு பாதுகாப்புப் பிரச்சினையும் ஆகும்.

தீட்டலாம், ஆனால் எல்லாக் கத்திகளையும் ஒரே தடவையில், ஒரே சரிவில், ஒரே அளவு தேய்க்க வேண்டும். ஒன்றின் கனம் குறைந்தால் தட்டு சமநிலை இழந்து பெயாரிங்கைத் தின்னும். சாணைக் கல்லில் நீலம் பாயும் வரை சூடாக்கினால் உருக்கின் பதம் கெட்டுவிடும். தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்ப்பவரிடம் கொடுங்கள். திரும்பப் பூட்டும்போது எதிர்க்கத்திக்கும் கத்திக்கும் உள்ள இடைவெளியைக் கைநூல் சொன்ன அளவுக்கு இடைவெளித் தகட்டால் அளந்து சரிசெய்யுங்கள். அது மில்லிமீற்றர் கணக்கிலான அளவு, கண்மட்டத்தில் வைக்கக் கூடாது. கத்தி போல்ட்டுக்குக் கடையில் கிடைத்த ஏதோ ஒரு போல்ட்டைப் போடாதீர்கள். உரிய தரத்தில் புதியது வாங்கி, முறுக்கு அளக்கும் சாவியால் இறுக்கி, ஒரு மணி நேரம் ஓடிய பின் மீண்டும் பாருங்கள்.

கிறீஸ், ஒயில், பெல்ட் எப்ப பார்க்கிறது?

கிறீஸ் முனைகளுக்கு ஏறத்தாழ எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை. காற்று வடிகட்டியை எங்கள் தூசிக்கு ஒவ்வொரு நாளும் தட்டித் துடையுங்கள். எஞ்சின் ஒயில் மாற்றும் மணிக்கணக்கு கைநூலில் இருக்கும்; அதை மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டி வைக்கிறேன். கடற்கரை ஊர்களில் வேலை செய்த நாளில் உப்புக்காற்று படிந்த பாகங்களைத் துடைத்து, கத்தியில் மெல்லிய ஒயில் தடவி வையுங்கள்.

அழுத்தத்தோடு ஒயில் ஓடும் ஹைட்ரோலிக் குழாயில் கசிவைத் தேடும்போது கையால் தடவாதீர்கள். ஊசித்துளையிலிருந்து வரும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஒரு மட்டைத்துண்டைப் பிடித்துப் பாருங்கள். பெற்றோலோ டீசலோ நிரப்புவதற்கு முன் எஞ்சின் ஆறக் கால் மணி நேரம் விடுங்கள்.

ட்ரக்டரில பூட்டுற சிப்பருக்கும் இதே கதைதானோ?

மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். அதோடு, ட்ரக்டரின் சுழற்சியைச் சிப்பருக்குக் கொடுக்கும் இணைப்புத் தண்டு என்ற இன்னொரு ஆபத்தும் சேரும். அது பொதுவாக நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது செக்கனுக்கு ஒன்பது சுற்று. சாரத்தின் ஒரு நுனி அகப்பட்டால் ஒரு செக்கனில் அது முழுவதும் சுற்றப்படும். தண்டின் மேலுள்ள பிளாஸ்ரிக் உறை உடைந்திருந்தால் புதியது போடும் வரை ஓட்டாதீர்கள். ஓடும் தண்டைத் தாண்டி ஒருவரும் கடக்கக் கூடாது.

புயலுக்குப் பிறகு அவசரமாத் துப்பரவாக்கோணும். மழையிலயும் ஓட்டலாமோ?

புயல் நாட்களில் மனிதர் களைத்திருப்பார்கள், தரை வழுக்கும், முறிந்த கொப்புகள் விசையோடு வளைந்து கிடக்கும். மழை விட்டு, நிலம் கால் பிடிக்கும் வரை காத்திருங்கள். அறுந்த மின்கம்பி தொட்டுக்கொண்டிருக்கும் மரத்தை, மின்சார சபையினர் வந்து இணைப்பைத் துண்டித்ததை உறுதி செய்யாமல், நெருங்க வேண்டாம்.

சீவலை என்ன செய்யிறது? மரத்தடியில குவிச்சு விடவோ?

வாழைக்கும் தேசிக்கும் தென்னைக்கும் மூடாக்காகப் பரப்புங்கள். வெயில் காலத்தில் செம்மண்ணின் ஈரம் அதனால் நெடுநேரம் நிற்கும். நான்கு விரல் தடிப்புப் போதும், தண்டிலிருந்து ஒரு சாண் விலக்குங்கள். குழை தாழ்ப்பது போல மரச்சீவலை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். உக்கும்போது அது மண்ணின் நைதரசனை எடுத்துக்கொள்வதால் பயிர் மஞ்சளாகும். பூவரசங் குழையும் சீமைக்கிளுவைக் குழையும் வேறு, மரம் வேறு.

பெருங்குவியலாக விட்டால் உள்ளே சூடேறும். தென்னங்குற்றிச் சீவல் குவிந்து உக்கினால் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அது பக்கத்துத் தென்னைகளின் குருத்தைத் துளைக்கும். பரப்பிவிட்டால் இரண்டும் இல்லை.

ஆருக்கும் கை அகப்பட்டால் முதல் என்ன செய்யிறது?

நிறுத்துதண்டு, பின் எஞ்சின். உடனே 1990 இல் அம்புலன்ஸை அழையுங்கள். இரத்தம் பாயும் இடத்தைத் தூய துணியால் இறுக்கி அழுத்துங்கள். அழுத்தியும் நில்லாவிட்டால் காயத்துக்கு மேலே அகலத் துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துண்டான விரலை நனைத்த தூய துணியில் சுற்றி, பிளாஸ்ரிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸின் மேல் வையுங்கள். விரலில் ஐஸ் நேரடியாகப் படக் கூடாது. உள்ளே சிக்கிய கையை உருளையைப் பின்னோக்கிச் சுழற்றி எடுக்க முயல்வது மேலும் சிதைக்கக்கூடும்.

இதற்காகவே தனியாக வேலை செய்ய வேண்டாம் என்கிறேன். தண்டைத் தள்ளவும் தொலைபேசி எடுக்கவும் இன்னொருவர் அருகில் இருக்க வேண்டும்.

ஆள் இல்லாமல், மெஷினை மட்டும் வாடகைக்குத் தருவியளோ?

முதல் தடவை தருவதில்லை. ஒரு நாள் என்னோடு நின்று, நிறுத்துதண்டைச் சோதித்து, சிக்கல் ஒன்றைச் சாவி எடுத்துத் தீர்த்து, கயிறும் கம்பியும் ஒதுக்கிய பின்னரே கிளை கொடுப்பவரைப் பார்த்தால், அடுத்த தடவை இயந்திரத்தைக் கையில் கொடுக்கிறேன். அந்த ஒரு நாளுக்குப் பணம் எடுப்பதில்லை.